எல்லா வயரும் ஒரே நிறம்

அக்டோபர் 8, ஞாயிறு

பழைய வயரிங்கே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். பூசை முடிந்து வந்ததும் ஜெசிந்தாவிடம் சொல்லியும் ஆயிற்று. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும். வண்டி என்னுடையது, வேலையும் என்னுடையது.

வண்டி 1961 மாடல் அம்பாசடர். துறையூரில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை நான்தான் மீட்டுக்கொண்டு வந்தேன். அரியமங்கலத்தில் காஜா பாய் ஷெட்டில் நிற்கிறது. எஞ்சின் முடிந்தது, பாடி முடிந்தது, பெயின்டும் முடிந்தது. மிச்சம் வயரிங்கும் சீட்டும்தான். டிசம்பர் ஒன்பதாம் தேதி எங்கள் பழங்கார் சங்கத்தார் திருச்சியிலிருந்து ஏற்காட்டுக்கு வரிசையாகப் போகிறார்கள். என் இடது முட்டி கிளச் மிதிக்க விடாது. அதனால் ஜெசிந்தா ஓட்டுவாள், என் மனைவி பிலோமினா முன்சீட்டில் உட்காருவாள், நான் பின்னால் மகாராஜா மாதிரி சாய்ந்துகொள்வேன்.

"அப்பா, மலைமேல மூடுபனி இறங்குச்சுன்னா பகல்லயே லைட்டப் போட்டுக்கிட்டுத்தான் ஏறணும். அறுபது வருஷத்து வயரை நம்பி, அம்மாவையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, நான் கொண்டை ஊசி வளைவுல திரும்பணுமா?" என்றாள். ஓசூரில் பேட்டரி கம்பெனியில் வேலை. அந்தத் திமிர்.

"அது அந்தக் காலத்துச் செம்பும்மா. இன்னிக்கு வர்றதெல்லாம் தகரம்."

"செம்பு நல்லாத்தான் இருக்கு. மேல இருக்குற ரப்பரைப் பாருங்க. பொடிஞ்சு கொட்டுது."

"கை வைக்காம இருந்தா ஏன் கொட்டுது?"

தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பழைய வயரிங்கில் இன்னொரு பெரிய வசதியும் இருக்கிறது. துணி சுற்றிய வயர்கள். ஒரு காலத்தில் நிறம் நிறமாக இருந்திருக்குமாம். இத்தனை வருடத் தூசியிலும் எண்ணெய்யிலும் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. எது என்ன வயர் என்று எந்தக் கொம்பனாலும் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனை பல்பை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நேற்று ஒரே நாளில் பாதி வண்டியைப் படித்துவிட்டேன். காஜா பாயே வாயைப் பிளந்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிகிற வேலை என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கும்.

அக்டோபர் 11, புதன்

சங்கத்துக் கூட்டத்துக்குப் போக சட்டை எடுத்தேன். இதில் எனக்கு ஒரு சூத்திரம் உண்டு. சட்டைக் கழுத்துப் பட்டையின் உள்பக்கம் சலவைக் குறி இருக்கும், வெள்ளை நூலில். ஒரு தையல், இரண்டு தையல், சிலவற்றில் குறுக்குத் தையல். பேன்ட் இடுப்பிலும் அதே மாதிரி. ஒரு தையல் சட்டைக்கு ஒரு தையல் பேன்ட், இரண்டுக்கு இரண்டு என்று போட்டுக்கொண்டு போனால் பிலோ ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். மாற்றிப் போட்டால், "என்னங்க இது, கூத்துக்குப் போறீங்களா?" என்பாள். கல்யாணமான புதிதிலேயே நானாகக் கண்டுபிடித்தது. யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டத்தில் எல்லோரும் என் தீர்மானத்தை ஆதரித்தார்கள். பழைய பாகங்கள் அப்படியே இருந்தால் நடுவர் கூடுதல் மதிப்பெண் போடுவாராம். வீட்டுக்கு வந்து ஓசூருக்குப் போன் போட்டு ஜெசிந்தாவிடம் இதைச் சொன்னேன். "மார்க்கு வாங்கி என்னப்பா பண்ணப் போறீங்க?" என்றாள். கேட்கிற கேள்வியைப் பார்.

அக்டோபர் 15, ஞாயிறு

கடையில் தக்காளி வாங்கி வந்தேன். பாதிக்கு மேல் காய் என்று பிலோ தனியாக எடுத்து வைத்தாள். அந்தக் கடைக்காரன் ஆள் பார்த்து ஏமாற்றுகிறான். இனி அவன் கடைப் பக்கம் போவதில்லை என்று போன மாதமும் சொன்னேன்.

டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் எங்கோ புதிதாக ஒற்றை விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேலே எரிந்தால் நிற்க வேண்டும், கீழே எரிந்தால் போக வேண்டும். அதுதானே சிக்னல்? ஒரே ஒரு விளக்கை வைத்து மினுக்கினால் மனிதன் என்ன செய்வான்? நான் நின்றுவிட்டேன். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். நானும் திருப்பித் திட்டினேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

இன்று ஷெட்டில் ஒரு கிழவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "பச்சை எடுப்பா இருக்கு" என்றார். இது சாம்பல் நிற வண்டி. காஜா பாயும் ஆரம்பத்தில், "பச்சையே அடிச்சிருவமாண்ணே?" என்று கேட்டார். பழசு எதுவோ அதையே அடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். நிறம் எல்லாம் எனக்கு முக்கியமில்லை. இரும்பு முக்கியம்.

அக்டோபர் 20, வெள்ளி

ஹாரன் அடிக்கவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு வயரைக் கொஞ்சம் வளைத்தேன். ரஸ்க் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே செம்புக் கம்பி பளிச்சென்று அம்மணமாக நிற்கிறது.

டேப் சுற்றிவிட்டேன். இப்போது அடிக்கிறது.

அக்டோபர் 24, செவ்வாய்

இன்னும் நாலைந்து இடத்தில் டேப் சுற்ற வேண்டி வந்தது. ஒன்றைச் சுற்றக் கை வைத்தால் பக்கத்தில் இருப்பது உதிர்கிறது. காஜா பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வயரை விட டேப்பு ஜாஸ்தியாப் போச்சே" என்று சிரித்தார். உங்கள் டீ ஆறுகிறது போங்கள் என்றேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

ஜெசிந்தா ஓசூரிலிருந்து வந்தாள். நேரே ஷெட்டுக்குப் போனாள். நான் சுற்றியதில் ஒன்றை உரித்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவள் போடவில்லை.

"அப்பா, ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் ஓட்டுறேன். எனக்கு ஒண்ணும் பயம் இல்ல. ஆனா இந்த வயரோட அம்மாவ ஏத்த மாட்டேன். நீங்களே சொல்லுங்க, ஏத்தவா?"

பிலோ அப்போது பின்சீட்டில் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். சீட் கவரை அவள்தான் தைக்கிறாள். கடையில் கொடுத்தால் அவளுக்குத் திருப்தி வராது. வாயில் ஊசியை வைத்துக்கொண்டே, "எதுக்கு என்னய இழுக்குறீங்க, அப்பாவும் மகளும் என்னமோ பண்ணுங்க" என்றாள்.

ஏத்தவா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அந்த ரப்பரை என் கையால் பொடித்தவன் நான். ஏற்ற வேண்டாம் என்று என் வாய் சொல்லிவிட்டது.

புது வயரிங் செட் ஆர்டர் கொடுத்தாள். கோயம்புத்தூரில் ஒருவர் பழைய படத்தைப் பார்த்து அதே நிறங்களில் செய்து தருகிறாராம். "ரொம்ப ஈசிப்பா. பிரவுன்னா பேட்டரியிலருந்து நேரா வர்றது, நடுவுல ஃபியூஸ் கிடையாது, அதுதான் டேஞ்சர். பச்சைன்னா சாவி போட்டா மட்டும் வரும், ஃபியூஸ் வழியா வரும். சிவப்பு சின்ன லைட்டு. நீலம் ஹெட்லைட்டு. கலரைப் பார்த்து மாட்டிக்கிட்டே போக வேண்டியதுதான். அடுத்த தடவை வர்றப்ப நானே மாட்டித் தரேன்" என்றாள்.

"நான் மாட்டிக்கிறேன்" என்றேன்.

பிலோ வாயிலிருந்து ஊசியை எடுத்தாள். "காஜா பாயி மாட்டட்டுமேங்க."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்கு வெள்ளை அடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம்.

அப்பா ஸ்டீம் எஞ்சின் டிரைவர். பொன்மலையில் அவர் பெயரைச் சொன்னால் அந்தக் காலத்தில் டீக்கடையில் எழுந்து நிற்பார்கள். நானும் டிரைவர் வேலைக்குத்தான் எழுதினேன், தேறினேன். கடைசியில் மெடிக்கலில் ஒரு டாக்டர், புள்ளி புள்ளியாகப் போட்ட புத்தகத்தைக் காட்டி, இதில் என்ன எண் இருக்கிறது என்றார். அதில் எண்ணே இல்லை. இல்லாத எண்ணை நான் எப்படிச் சொல்ல? பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒன்றிலும் இல்லை. ஸ்டோர்ஸ் பிரிவில் கிளார்க் வேலை கொடுத்தார்கள். அதுவும் நல்ல வேலைதான். எஞ்சின் வேலை என்றால் வேளாவேளைக்குச் சாப்பிட முடியாது.

அப்பாவிடம், எனக்கு ஆபீஸ் வேலைதான் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

நவம்பர் 9, வியாழன்

வயரிங் செட் வந்துவிட்டது. தரையில் விரித்தேன். காஜா பாய், "அடேங்கப்பா, திருவிழாத் தோரணம் மாதிரி இருக்குண்ணே" என்றார்.

நீலம் அழகாக இருக்கிறது. மஞ்சளும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. தெருவெங்கும் வெடி. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. பிலோ சீட் கவருக்குத் துணி வெட்டினாள். நான் வயரிங் படத்தை மேசையில் விரித்து மனப்பாடம் செய்தேன். படத்தில் நிறத்தின் பெயரை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். படத்தில் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

நவம்பர் 14, செவ்வாய்

நான் கண்டுபிடித்த வழி இது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது. பழைய வயர் ஒன்றைக் கழற்று, அதே இடத்தில் இருப்பதைப் புதியதிலிருந்து எடுத்து மாட்டு. ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. நிறத்தையே பார்க்க வேண்டாம். இடத்தைப் பார்த்தால் போதும். பின்பக்க விளக்குகள் எல்லாம் முடிந்தன. பிரேக் மிதித்தால் எரிகிறது. நான் யார்!

ஜெசிந்தாவுக்குப் போனில் சொன்னேன். "சூப்பர்ப்பா" என்றாள். குரலில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது.

நவம்பர் 17, வெள்ளி

டேஷ்போர்டுப் பக்கம் வந்துவிட்டேன். இங்கே கோயம்புத்தூர்க்காரர் வயர்களைப் பழைய வரிசையில் விடவில்லை. முன்னது பின்னதாக, இரண்டு கொத்தாகப் பிரித்துவிட்டிருக்கிறார். இடத்தை வைத்துப் பார்க்க முடியவில்லை. வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். காஜா பாய் வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். கூப்பிடவில்லை. ஒன்று கொஞ்சம் அடர்த்தி, ஒன்று கொஞ்சம் வெளிர். அடர்த்தியானது பிரவுன் என்று வைத்துக்கொண்டு மாட்டிவிட்டேன். சரியாகத்தான் இருக்கும்.

நவம்பர் 18, சனி

எழுதாமல் படுக்க முடியவில்லை.

காலையில் பேட்டரியை மாட்டினேன். சாவி போட்டு வைப்பர் சுவிட்சைத் தட்டினேன். வைப்பர் நகரவில்லை. மோட்டார் இறுகிக் கிடக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று சாவியை எடுத்துவிட்டு வெளியே வந்தேன். சுவிட்சை அணைக்கவில்லை. சாவியை எடுத்துவிட்டால்தான் பச்சை வயரில் கரண்ட் இருக்காதே.

வாசலில் காஜா பாயும் நானும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பிலோ முன்சீட்டில் உட்கார்ந்து கவரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க! புகை! என்னங்க!"

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கருகருவென்று வருகிறது. காஜா பாய் கையில் கிடைத்த கட்டிங் பிளேயரோடு பானெட்டுக்குப் பாய்ந்தார். நான் கதவைத் திறந்து அவள் தோளைப் பிடித்து வெளியே இழுத்தேன். என் முட்டி எப்படி ஓடியது என்று எனக்கே தெரியவில்லை. பாய் பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்ததும் புகை அடங்கியது. பிளாஸ்டிக் உருகிச் சொட்டி, அவள் புடவை மடியில் ஒரு ஓட்டை. தொடையில் சின்னதாய் ஒரு கொப்புளம்.

"எலி" என்றேன். "எலி கடிச்சிருக்கும்."

காஜா பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிலோ அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருமிக்கொண்டே, "எலியாத்தான் இருக்கும்" என்றாள்.

எலி இல்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருகிற பிரவுன் வயரைப் பச்சை என்று வைப்பருக்கு மாட்டியிருக்கிறேன். மலையில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது இது நடந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது. மாதாவே, என் கையால் அவளைக் கொன்றிருப்பேன்.

நவம்பர் 19, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முட்டி வலி.

நவம்பர் 21, செவ்வாய்

முட்டி வலி. ஷெட்டுக்குப் போகவில்லை. ஜெசிந்தா போன் செய்தாள். நல்லபடியாகப் போகிறது என்றேன். பிலோ சீட் கவர் வேலை என்று தையல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள்.

நவம்பர் 23, வியாழன்

இன்றும் அவள் போனாள். சீட் கவருக்கு இத்தனை நாளா? கேட்டேன்.

"ஓரம் அடிக்க வேண்டாமா? நீங்க கஞ்சியக் குடிச்சிட்டு ரெஸ்ட் எடுங்க" என்றாள்.

ஏற்காட்டுக்கு வரவில்லை என்று சங்கத்துக்குச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். போன் நம்பர் வரைக்கும் எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன். நான் எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டவன் இல்லை.

நவம்பர் 27, திங்கள்

ஷெட்டுக்குப் போனேன். காஜா பாய், "வாங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

கருகிய வயரை மாற்றி, இறுகிக் கிடந்த வைப்பர் மோட்டாரையும் சரிசெய்து வைத்திருந்தார். மற்றவற்றையும் கழற்றித் தொங்கவிட்டிருந்தார். கையில் எடுத்தேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

ஒவ்வொரு வயரின் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளை நூல் கட்டியிருந்தது. சிலவற்றில் ஒரு முடிச்சு. சிலவற்றில் இரண்டு. சிலவற்றில் குறுக்காகச் சுற்றிக் கட்டியது. நீலத்திலும் மஞ்சளிலும் ஒன்றும் இல்லை. வயரிங் படம் சீட்டின் மேல் மடித்து வைத்திருந்தது. விரித்தால், நிறத்தின் எழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் அதே குறி. பச்சைக்கு ஒரு கோடு. பிரவுனுக்கு இரண்டு கோடு. சிவப்புக்குக் குறுக்குக் கோடு.

அந்த முடிச்சை எனக்குத் தெரியும். எங்கே பார்த்தேன் என்று ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு என் சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு தையல்.

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் வந்து எத்தனையோ வருடமாகிறது. துணி சலவைக்கு வெளியே போவதே இல்லை. இது எனக்கு இன்றுவரை தோன்றவே இல்லையே! போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டையில்கூடக் குறி இருந்தது. எந்தச் சலவைக்காரன் வந்து போட்டான்? எப்பேர்ப்பட்ட மடையன் நான்.

ஆக, நான் போட்டிருக்கும் சட்டை பிரவுன்.

வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். காஜா பாய் வெல்டிங் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தாமல் வைத்திருந்தார். நல்ல மனிதர்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். முடிச்சைத் தடவிப் பார்ப்பது, படத்தைப் பார்ப்பது, மாட்டுவது. கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம் போலிருந்தது. பாதி டேஷ்போர்டு முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பிலோ, "முட்டி வலி எப்படி இருக்கு?" என்றாள்.

"தேவலாம்."

"எலி கிலி ஏதாச்சும் வந்துச்சா?"

"வரல."

மீன் குழம்பு ஊற்றினாள். இரண்டு துண்டு கூடுதலாகப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு என் தட்டை நானே கழுவி வைத்தேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

ஜெசிந்தா வந்து சோதனை பல்போடு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு விளக்காக, ஒவ்வொரு ஃபியூஸாக. வைப்பரை வேண்டுமென்றே கையால் பிடித்து நிறுத்தினாள். ஃபியூஸ் பட்டென்று போயிற்று, வயர் சூடாகவே இல்லை. "ஏ ஒன் வேலைப்பா. எங்க கம்பெனில இருக்குற பசங்களுக்கு இது வராது" என்றாள்.

"வராதுதான்" என்றேன்.

"இதென்ன நூலு?"

"டேப்பு உரிஞ்சிடாம இருக்க."

பிலோ சீட் கவரைத் தட்டிச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தாள்.

டிசம்பர் 9, சனி. ஏற்காடு

எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. சுருக்கமாக எழுதினால் மனசு ஆறாது.

விடிந்ததும் கிளம்பினோம். நாமக்கல்லில் பொங்கல், சேலத்தில் காபி. மலை ஏறத் தொடங்கியதும் ஜெசிந்தா நினைத்தபடியே மூடுபனி இறங்கியது. எதிரே வருகிற பஸ் வளைவில் திரும்பிய பிறகுதான் தெரிகிறது. ஹெட்லைட்டைப் போட்டாள். காலால் டிம் சுவிட்சை மிதித்தாள். வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. நான் பின்சீட்டில் ராஜா மாதிரி சாயவில்லை. மேலே ஏறி நிற்கிறவரை மூக்கை நீட்டிக்கொண்டு, புகை வாசம் வருகிறதா என்று மோந்துகொண்டே வந்தேன்.

"என்னங்க, நாய்க்குட்டி மாதிரி மோந்துக்கிட்டு வர்றீங்க? வண்டி நல்லாத்தான் ஓடுது" என்றாள் பிலோ. அவள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். என்னை நம்பி.

ஏரிக்கரையில் வண்டிகளை வரிசையாக நிறுத்தினோம். நடுவர் வெளியூர்க்காரர், தொப்பி போட்ட மரியாதையான மனிதர். பானெட்டைத் திறந்து குனிந்தார்.

"வயரிங் பழசா சார்?"

"இல்லைங்க, புதுசு."

"மார்க் குறையுமே."

"குறையட்டும்ங்க. இதுல என் வீட்டுக்காரி உக்காந்து வர்றா."

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பிறகு மறுபடி குனிந்தார். "இதென்ன சார், வயருக்கு வயரு நூலு கட்டியிருக்கு? எந்த வண்டியிலயும் பார்த்ததில்லையே."

டேப் உரியாமல் இருக்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். சங்கத்து ஆட்கள் முழுக்கச் சுற்றி நின்றார்கள். ஜெசிந்தா நின்றாள். பிலோ கொஞ்சம் தள்ளி, குல்லாயைச் சரிசெய்துகொண்டு, வேறு எங்கோ பார்ப்பது போல நின்றாள். அவள் அப்படி வேறு எங்கோ பார்த்தபடியே எத்தனை வருடம் தைத்திருக்கிறாள்!

"எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரவுனும் ஒண்ணாத்தான்ங்க தெரியும். பொறவிக் கோளாறு. அதனால என் மனைவி ஒவ்வொண்ணுக்கும் குறி கட்டிக் கொடுத்தா. அதைத் தடவித் தடவித்தான் மாட்டுனேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை.

நடுவர் தொப்பியைக் கழற்றி பிலோவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ஜெசிந்தா, "அப்பா!" என்றாள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்தத் தக்காளி..." என்று ஆரம்பித்தாள். போதும் நிறுத்து என்றேன்.

பரிசு கிடைக்கவில்லை. நாலாவது இடமாம். எங்களுக்கு முன்னால் வந்த மூன்று வண்டிகளும் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும், எழுதினால் சண்டை வரும்.

சாயங்காலம் ஏரிப் பக்கம் பிலோவும் நானும் நடந்தோம்.

"எப்ப கண்டுபுடிச்ச?" என்றேன்.

"கல்யாணமான மொத மாசம். காபிப் பொடி கலர்ல ஒரு பொடவ கேட்டேன். மாவிலைப் பச்சையில வாங்கிட்டு வந்து, காபிப் பொடியேதான்னு என் முன்னாடி பெருமையா நின்னீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஒத்துக்கிற ஆளா நீங்க? பொடவைக் கடைக்காரனப் போய் அடிச்சிருப்பீங்க."

நான் மறுக்கவில்லை. அடித்திருப்பேன்.

"அந்தப் பொடவய என்ன பண்ணுன?"

"கட்டுனேன். கிழியுற வரைக்கும் காபிப் பொடி கலருன்னு சொல்லித்தான் கட்டுனேன்."

கொஞ்ச தூரம் நடந்தோம். வண்டி பனியில் நின்றது. எத்தனையோ பேர் அதைத் தொட்டுப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பிலோ, நம்ம வண்டி என்ன கலரு?"

இந்தக் கேள்வியை நான் என் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பச்சைங்க. நல்ல இளம்பச்சை. பிஞ்சு வெள்ளரிக்கா மாதிரி."

"சரி" என்றேன்.

அக்டோபரில் சாம்பல் என்று எழுதிவைத்ததை இப்போது அடிக்கப்போவதில்லை. எனக்கு அது அப்படித்தான் தெரிகிறது. ஆனால் வண்டி பச்சை.

டிசம்பர் 12, செவ்வாய்

பிலோவும் நானும் சேர்ந்து கடைக்குப் போனோம். அவள் பொறுக்கினாள், நான் பையைப் பிடித்தேன். தக்காளி அத்தனையும் நல்ல பழம். அந்தக் கடைக்காரன் இப்போதுதான் திருந்தியிருக்கிறான்.